"காலரா லிஸ்ட்லயே இல்லக்கா": பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் எந்த நோயைப் படிப்பது?

எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சுநடை ஆங்காங்கே திருத்தப்பட்டுள்ளது.

போன வாரம் காரைக்கால்ல இருந்து சித்தி பொண்ணு ஒரு வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தா. பன்னிரண்டாம் வகுப்பு, அரசுப் பள்ளி, உயிரியல் குரூப். "அக்கா, ஹெல்த் சாப்டர்ல பத்து வியாதி இருக்கு. எல்லாத்தையும் ஒரே மாதிரி படிக்க நேரமில்ல. எது முக்கியம்னு சொல்லு. அப்புறம் இன்னொண்ணு, காலரா லிஸ்ட்லயே இல்லக்கா. ஏன்?"

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிட்டேன். இரண்டாவதுக்கு ரெண்டு நாள் ஆச்சு. அதனாலதான் இந்த எபிசோடே.

வெளியூர்க்காரங்களுக்குக் கொஞ்சம் பின்னணி. 2022 ஜூலை 3ஆம் தேதி, புதுச்சேரி அரசின் சுகாதாரத் துறை காரைக்காலில் பொது சுகாதார நெருக்கடி நிலையை அறிவித்தது. வயிற்றுப்போக்கோடு மருத்துவமனைக்கு வந்தவர்களில் சிலருக்குக் காலரா உறுதியாகியிருந்தது. மறுநாளிலிருந்து மூன்று நாள் பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை. 144 தடை உத்தரவும் வந்தது. ஆனிப் பௌர்ணமிக்கு மாங்கனித் திருவிழா நடக்க இன்னும் பத்து நாள்தான் இருந்தது. ஊர் முழுக்க ஒரே பேச்சு: தண்ணியைக் கொதிக்க வைங்க.

அப்போ இவள் ஒன்பதாம் வகுப்பு. எங்க பெரியம்மா படுத்துட்டாங்க. காலரான்னு யாரும் உறுதியா சொல்லல. ஆனா காலையிலிருந்து தண்ணித் தண்ணியா போயிட்டே இருந்தது. வீட்டில் எல்லாரும் சொன்னது, "தண்ணி குடுக்காதே, இன்னும் போகும்." நானும் சென்னையிலிருந்து போன்ல அதையேதான் ஆமோதிச்சேன். டிகிரி முடிச்ச ஆளு! சாயங்காலத்துக்குள்ள கண்ணு குழி விழுந்து, பேச்சு குளறி, ஆட்டோல தூக்கிட்டுப் போனாங்க. சலைன் ஏத்தினதும் பிழைச்சுட்டாங்க. இவளுக்கு அந்த நாள் மறக்கல. அதனாலதான் புத்தகத்தில் காலராவைத் தேடியிருக்கா.

சரி, ஏன் இல்ல? இங்கதான் காரைக்காலின் விசித்திரமான நிலைமை வருது. தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கு நடுவே இருக்கிற கடைமடை ஊர். நிர்வாகம் புதுச்சேரி. பல வருஷமா பாடத்திட்டம் மட்டும் தமிழ்நாட்டுடையது. 2023-24இல் அரசுப் பள்ளிகளை சிபிஎஸ்இ-க்கு மாத்தினாங்க. அந்த வருஷம் இவள் பத்தாம் வகுப்பில் இருந்ததால பழைய பாடத்திட்டத்திலேயே தேர்வு எழுதினா. பதினொன்றிலிருந்து சிபிஎஸ்இ. பக்கத்து வீட்டுத் தோழி தனியார் பள்ளியில் இன்னும் தமிழ்நாட்டு பாடத்திட்டம். ஒரே தெரு, ஒரே குழாய்த் தண்ணி, ரெண்டு நோய்ப் பட்டியல்.

தமிழ்நாட்டு பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல் புத்தகத்தில் பாக்டீரிய நோய்களுக்கு ஓர் அட்டவணை உண்டு. காலரா அதில் ஒரு வரிசை. சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிடும் நோய்கள் பத்து: மலேரியா, டெங்கு, சிக்குன்குனியா, யானைக்கால், உருளைப்புழுத் தொற்று, டைபாய்டு, நிமோனியா, சளி, அமீபியாசிஸ், படர்தாமரை. காலரா கிடையாது. இதைவிட எனக்கு உறுத்துறது இன்னொண்ணு. ஒன்பதாம் வகுப்பு என்சிஇஆர்டி அறிவியலில் "நாம் ஏன் நோயுறுகிறோம்" என்ற பொருளில் ஒரு பாடமே இருந்தது. 2022இல் பாடச்சுமையைக் குறைக்கிறோம்னு எடுத்ததில் அதுவும் போச்சு. காரைக்காலில் பள்ளியை மூடின அதே வருஷம். திட்டமிட்டு யாரும் செய்யல, ஆனா பொருத்தத்தைப் பாருங்க.

அதாவது, தேர்வுப் பட்டியலை நாடு முழுதுக்குமா ஓர் இடத்தில் உட்கார்ந்து எழுதுறாங்க. உங்க மாவட்டத்தில் எது அவசரம்னு அதுக்குத் தெரியாது. மார்க் வேணும்னா பாடத்திட்டத்தில் இருக்கிற வரிகள்தான் அளவுகோல். ஊர்ல வந்த நோய், செய்தியில் வந்த நோய்னு தேடிப் போய் நேரத்தை விடாதீங்க.

இப்போ மார்க் கணக்கு. சிபிஎஸ்இ உயிரியல் எழுத்துத் தேர்வு 70 மார்க். "உயிரியலும் மனித நலனும்" அலகுக்கு 12. அந்த 12ஐ ஹெல்த் பாடமும் நுண்ணுயிர்கள் பாடமும் பங்கு போட்டுக்குது. மரபியலும் பரிணாமமும் சேர்ந்து 20, இனப்பெருக்கம் 16. அதனால ஹெல்த் பாடத்துக்காக ஒரு மாசத்தைச் செலவு பண்றது புத்திசாலித்தனம் இல்ல. மூணு நாள் போதும். அந்தப் பாடத்துக்குள்ளேயே நோய் எதிர்ப்பு ஆற்றல், புற்றுநோய், எச்ஐவி, போதைப் பழக்கம் எல்லாம் இருக்கு.

பத்து நோயையும் தனித்தனியா மனப்பாடம் பண்ணினா கண்டிப்பா குழம்பும். வழியை வச்சுப் பிரிங்க. தண்ணி, சாப்பாடு வழியா வர்றது மூணு: டைபாய்டு, அமீபியாசிஸ், உருளைப்புழு. கொசு வழியா நாலு. காத்து வழியா ரெண்டு. தொட்டாலோ, துண்டு சீப்பு பகிர்ந்தாலோ வர்றது படர்தாமரை. ஒவ்வொண்ணுக்கும் கிருமியின் பெயர், உடம்பில் எங்க தங்குது, அறிகுறி, எப்படித் தடுக்கிறது. அவ்வளவுதான். இதில் மலேரியாவுக்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுங்க. மனுஷன், பெண் அனாபிலஸ் கொசு என ரெண்டு ஓம்புயிரிகளில் ஓடுற வாழ்க்கைச் சுழற்சி, அஞ்சு மார்க் கேள்விக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். கல்லீரல் முதல்ல, ரத்தச் சிவப்பணு அப்புறம், அணு வெடிச்சு ஹீமோசோயின் வெளியாகும்போது குளிர் காய்ச்சல். இந்த வரிசை மாறக்கூடாது.

ஒரு பொறி இருக்கு. தண்ணியில் வர்ற நோய்னாலே வயிற்றுப்போக்குன்னு கை தானா எழுதிடும். என்சிஇஆர்டி டைபாய்டுக்குச் சொல்றது 39 முதல் 40 டிகிரி வரை விடாத காய்ச்சல், வயிற்றுவலி, மலச்சிக்கல். அமீபியாசிஸுக்கும் மலச்சிக்கல் உண்டு, கூடவே சளியும் ரத்தக்கட்டியும் கலந்த மலம். ஊர்ல பார்த்ததை வச்சு எழுதினா இங்க மார்க் போகும்.

"அப்ப காலராவை விட்டுடவா?"ன்னு கேட்டா. விடாதேன்னேன். சிபிஎஸ்இ-யில் இப்போ பதினொன்று, பன்னிரண்டில் பாதி மார்க், படிச்சதைப் புதுச் சூழலில் பொருத்திப் பார்க்கிற திறன் கேள்விகளுக்கு. ஒரு பத்தியைக் கொடுத்து, ஒரு ஊர்ல குழாய்த் தண்ணியில் கழிவுநீர் கலந்தது, எந்தெந்த நோய் வரலாம், எப்படித் தடுப்பேன்னு கேட்டா, தண்ணி வரிசை முழுசா தெரிஞ்சவள் எழுதிடுவா.

மார்க்குக்கு வெளியே ஒண்ணு. பெரியம்மா விஷயம். காலராக் கிருமியின் நச்சு, சிறுகுடல் செல்லிலிருந்து உப்பை வெளியே தள்ள வைக்குது. தண்ணி அது பின்னாடியே ஓடுது. ஆனா குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து உள்ளே நுழையிற வாசல் ஒண்ணு செல்லில் இருக்கு. அதை இந்த நச்சு கெடுக்கிறதில்ல. அதனால சர்க்கரையும் உப்பும் சேர்த்துக் கொடுத்தா, போய்க்கிட்டே இருந்தாலும் தண்ணி உள்ளேயும் ஏறும். ஓஆர்எஸ் வேலை செய்யுறது இப்படித்தான். 1971இல் வங்கதேசப் போர் அகதிகள் பொங்காவ் முகாமில் காலராவில் செத்துக்கிட்டு இருந்தப்போ, சலைன் தீர்ந்துபோன டாக்டர் திலீப் மகாலனாபிஸ் இதைக் கரைச்சு, டிரம்மில் வச்சு, உறவினர்கள் கையாலேயே குடிக்க வச்சார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்குக் கீழே வந்தது.

கடையில் பாக்கெட் கிடைக்கலைன்னா, ஒரு லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணியில் தலை தட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கொஞ்சம் கொஞ்சமா, விடாம. கூடவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும்.

இதைச் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் கேட்டா: "அப்ப அன்னிக்கு நாம தண்ணியை நிறுத்தினது தப்பாக்கா?" ஆமான்னேன். "பெரியம்மாகிட்ட நீதான் சொல்லணும்"னு போனை அவங்க கையில கொடுத்துட்டா.