மா பொங்கும் வரை

பாணுக்குக் குழைத்த மாவை ஒரு மணித்தியாலமாவது மூடி வைக்க வேண்டும். வெல்லாவெளி வெக்கையில் ஈஸ்ட் இன்னும் விரைவாகப் பொங்கும். அவசரப்பட்டுப் போறணையில் வைத்தால் பாண் கல்லாகும். கூட விட்டால் புளித்து அமுங்கிவிடும். கலாத்தியர் நிருபம் (5:22-23) பொறுமையையும் தன்னடக்கத்தையும் ஒரே பட்டியலில் வைத்தது எனக்கு இதில்தான் விளங்குகிறது.

ஆனால் யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்தில், எகிப்திலிருந்து துரத்தப்பட்டவர்கள் புளிக்காத மாவைத்தான் கொண்டுபோனார்கள். 2007இல் படுவான்கரையை விட்டு ஓடிய நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. மா பொங்க, முதலில் ஓரிடத்தில் இருக்க விட வேண்டும்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாருக்குப் பொறுமையைப் போதிப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. பாண் போடுபவருக்கு நேரம் தெரியும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்த தாய்மாருக்கு இன்னும் பதில் இல்லை.