கொன்ற கையில் ராக்கி

1995 பிப்ரவரி 25. மத்தியப் பிரதேசத்தில், உதய்நகரிலிருந்து இந்தூருக்குப் போய்க்கொண்டிருந்த பஸ்ஸில் கன்னியாஸ்திரி ராணி மரியா கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். வயது 41. கேரளத்தில் பிறந்தவர். வட்டிக்காரர்களிடம் சிக்கித் தவித்த ஏழை விவசாயிகளை ஒன்று சேர்த்ததுதான் அவர் செய்த ‘குற்றம்’.

குத்தியவர் சமந்தர் சிங் என்ற இளைஞர். ஆயுள் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போனார்.

2002-ல் ரக்ஷாபந்தன் சமயம். ராணி மரியாவின் உடன்பிறந்த தங்கை செல்மி பால், அவரும் கன்னியாஸ்திரி, சிறைக்கே சென்று அந்தக் கையில் ராக்கி கட்டினார். வடநாட்டில் பிழைக்கும் நமக்கு அதன் பொருளைச் சொல்ல வேண்டியதில்லை. கட்டியவள் தங்கை, கட்டிக்கொண்டவன் அண்ணன்.

அதோடு நிற்கவில்லை. அவரை விடுவிக்கும்படி அந்தக் குடும்பமே வேண்டிக்கொண்டது. 2006-ல் விடுதலையானார். பின்னர் கேரளத்துக்குப் போய்ப் பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்டார். பெற்ற தாய், மகளைக் கொன்ற அந்தக் கைகளை முத்தமிட்டார்.

குற்றமே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. 11 ஆண்டுச் சிறையை அவர் அனுபவித்தார். சட்டம் தன் வேலையைச் செய்தது. அன்பும் தன் வேலையைச் செய்தது.

நாம் என்ன செய்கிறோம்? உடன் தங்கியிருப்பவன் சீட்டுப் பணத்தைத் தின்றுவிட்டால் ஊருக்குச் சேதி பறக்கிறது. அவன் பெண்டாட்டி பிள்ளைகள் தலைநிமிர முடிவதில்லை. கணக்குக் கேட்கலாம்; அது நியாயம். ஆனால் தலைகுனிந்து அவன் திரும்பி வரும் நாளில், நம் மெஸ்ஸில் அவனுக்கும் ஒரு தட்டு வைப்போமா?