சுவரில் சிலந்தி: துடைப்பத்தை எடுக்குமுன் ஒரு நிமிடம்

மே மாதம் மழை பிடித்துக்கொண்டால் அந்தமானில் டிசம்பர் வரை ஓய்வு கிடையாது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் கொட்டுகிற தீவுகள் இவை. வெளியே தண்ணீர் தேங்கத் தேங்க, பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட வீடுகளுக்குள் பூச்சி புழுக்கள் குடியேறுகின்றன. இரவில் குளியலறை விளக்கைப் போட்டதும் உள்ளங்கை அகலத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சிலந்தியைக் கண்டு அலறாதவர்கள் குறைவு. ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் அன்றிரவு தூங்குவதே இல்லை.

உண்மையில் அந்தப் பெரிய சிலந்தியால் பயமில்லை. அது வலை பின்னாது. தட்டையான உடலை இடுக்கில் செருகிக்கொண்டு பகலைக் கழித்துவிட்டு, இரவில் கரப்பான் பூச்சி வேட்டைக்குக் கிளம்பும். வெப்ப நாடுகள் பலவற்றிலும் இந்த இனம் உண்டு. வாழைத்தாரோடும் சரக்கு மூட்டைகளோடும் கப்பலேறி உலகம் சுற்றிய சிலந்தி இது. சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பல் பயணம் செய்து வந்தவர்கள், இதுவும் தங்களைப் போல வந்தேறிதான் என்று எண்ணிக்கொள்ளலாம். வயிற்றடியில் வெள்ளை வில்லை போல ஒன்றைச் சுமந்திருந்தால் அது தாய்; அந்த வில்லைதான் முட்டைப் பை. அதைத் துடைப்பத்தால் அடித்துப் பை கிழிந்தால், பொரிக்கும் பருவத்துக் குஞ்சுகள் அறையெங்கும் சிதறி ஓடும். கையால் அழுத்திப் பிடித்தால் கடிக்கும். வலி இருக்கும், வீங்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும்.

கூரை மூலையில் நூல் போன்ற கால்களோடு தலைகீழாகத் தொங்குவது வேறு வகை. தொட்டால் உடம்பையே கிடுகிடுவென ஆட்டும். வீட்டு ஒட்டடையில் பெரும்பங்கு இதன் கைவேலைதான். அதன் வலையில் கொசுவும் விழும். டெங்கு பரவுகிற ஊரில் இது சிறு உதவியே, கொசுவலைக்கு ஈடாகாது. ஜன்னல் சட்டத்தில் குதித்துக் குதித்து ஈயைப் பிடிக்கும் குட்டையான சிலந்தியோ குழந்தைகள் வேடிக்கை பார்க்கலாம் என்கிற அளவுக்குச் சாது. தோட்டத்தில் பொன்னிற நூலால் பெரிய வலை கட்டும் சிலந்தி வீட்டுக்குள் வருவது அபூர்வம்.

இத்தீவுகளின் சிலந்திகளை ஆராய்ந்து, இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் பி.கே.டிக்காதர் 1977-ல் விரிவான கட்டுரை வெளியிட்டார். ஹாடோவில் உள்ள அத்துறையின் அருங்காட்சியகத்தில் தீவுகளின் உயிரினங்கள் பலவற்றைப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் அங்கும் எட்டிப் பார்த்தால் நல்லது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

சிலந்தியைவிட ஆபத்தானது, எதற்கெடுத்தாலும் சிலந்தி மேல் பழி போடும் பழக்கம். காலையில் கழுத்தில் கோடு போட்டாற்போல் கொப்புளம் இருந்தால் "சிலந்தி ஊர்ந்துவிட்டது" என்கிறோம். அடுத்த வீட்டு இந்திக்காரர் "மக்டி" என்கிறார். இரண்டு பேச்சும் ஒன்றுதான். பல சமயம் அது குழல் விளக்கைத் தேடி வரும் ஒரு சிறு வண்டின் வேலை. எறும்பு போன்ற உடலில் கறுப்பும் ஆரஞ்சும் மாறி மாறி இருக்கும். அது கடிப்பதில்லை. தூக்கத்தில் கையால் நசுக்கித் தேய்த்துவிட்டால், அதன் உடல் நீர் பட்ட இடம் மறுநாள் வெந்துபோகும். நசுக்காமல் ஊதித் தள்ளிவிட்டு, பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக எரிச்சலுடன் கொப்புளம் கிளம்பினால் அது அக்கியாக இருக்கலாம். அதற்குக் காவி பூசிக் காத்திருப்பது வழக்கம். கிருமியை அடக்கும் மாத்திரையை மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். கண்ணுக்கு அருகில் வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

இவை எல்லாவற்றிலும் மோசமானது, வலியில்லாத கறுப்புப் பொருக்கு. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு ஆகிய இடங்களில் சிகரெட் சுட்டது போல இருக்கும். கூடவே காய்ச்சலும் தலைவலியும். "ஏதோ சிலந்தி கடித்திருக்கும்" என்று மஞ்சள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. புதர்க்காட்டில் வாழும் நுண்ணிய உண்ணி கடித்து வரும் உண்ணிக் காய்ச்சலின் அடையாளம் அது. இந்த நோய் அந்தமானிலும் காணப்பட்டிருக்கிறது. டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரையில் குணமாகும். விட்டால் மூளை, நுரையீரல், சிறுநீரகம் வரை பாதித்து உயிரைக் குடிக்கும். ரப்பர் தோட்டத்திலும் சாலை வேலையிலும் இருப்பவர்கள் இதை மறக்கவே கூடாது. அந்தப் பொருக்கை டாக்டரிடம் காட்டாமல் காய்ச்சலை மட்டும் சொல்லிவிட்டு வருவதில் பயனில்லை.

அஸ்ஸாமின் சாதியாவில் 2012 மே மாதம் சிலந்தி கடித்ததாகச் சொல்லி ஊரே நடுங்கியது. இருவர் இறந்தனர். அவர்கள் முதலில் போனது நாட்டு வைத்தியரிடம். அங்கே காயத்தைப் பிளேடால் கீறி ரத்தம் எடுத்திருக்கிறார்கள். பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. கொன்றது விஷமா பிளேடா என்பது தெரியாமலே போயிற்று.

பூரானுக்குத்தான் பயப்பட வேண்டும்

இந்தத் தீவுகளில் வீட்டுக்குள் நிஜமாகவே கதற வைப்பது பெரிய பூரான். ஷூவுக்குள், ஈரத்துணிக் குவியலில், மடித்த பாயில் படுத்திருக்கும். காலையில் ஷூவைக் கவிழ்த்துத் தட்டாமல் காலை நுழைக்காதீர்கள். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். கொசுவலையை மெத்தைக்கடியில் செருகுங்கள். பூரானோ சிலந்தியோ கடித்தால் சோப்புப் போட்டுக் கழுவி, பூரான் கடிக்குப் பொறுக்கும் அளவு சூடான நீரில் கடிவாயை வைத்தால் வலி தணியும். கீறுவது, வாயால் உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். மூச்சுத் திணறல், மயக்கம், உடம்பெல்லாம் தடிப்பு, பரவும் வீக்கம் என்றால் உடனே ஆஸ்பத்திரி.

சிலந்தி வேண்டவே வேண்டாம் என்பவர்கள் முதலில் கரப்பானை ஒழிக்க வேண்டும். தீனி இல்லாத வீட்டில் வேட்டைக்காரன் தங்கமாட்டான். பூச்சி மருந்தை மூடிய அறையில் அடித்துவிட்டு அதே அறையில் குழந்தையைப் படுக்க வைப்பது சிலந்தியைவிடக் கேடு. சுவரில் இருப்பதன் மேல் அகல வாய் டப்பாவைக் கவிழ்த்து, பழைய காலண்டர் அட்டையை அடியில் நுழைத்து, அப்படியே கொண்டுபோய் வேலிக்கு வெளியே விட்டுவிடலாம். இரண்டு நிமிட வேலை. கதவை மட்டும் யாராவது முன்கூட்டியே திறந்து வைத்திருக்க வேண்டும்.