2027 பெப்ரவரிக்குப் பின் போர்க்காலக் கோப்புகள் என்னவாகும்?

வட்டுக்கோட்டையில் போரால் பாதிக்கப்பட்ட ஒரு குடும்பத்தின் விபரங்கள் எத்தனை அலுமாரிகளில் இருக்கக்கூடும்? கிராம அலுவலரிடம் இடப்பெயர்வுப் பதிவு, சங்கானையிலுள்ள பிரதேச செயலகத்தில் நட்டஈட்டு விண்ணப்பம், பொலிஸில் முறைப்பாடு, வைத்தியசாலையில் சிகிச்சைக் குறிப்பு, வீட்டுத்திட்டத்துக்கு உதவிய தொண்டு நிறுவனத்தில் அடையாள அட்டைப் பிரதி. இவற்றை எப்போது அழிக்கலாம் என்பதற்குச் சட்டம் உண்டு. ஆனால் ஒரு சட்டம் 'வைத்திரு' என்கிறது, இன்னொன்று 'தேவை முடிந்தால் வைத்திராதே' என்கிறது.

முதலாவது, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அது 2017 பெப்ரவரி 3 இல் நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கு அரச அலுவலகங்களில் இருந்த பதிவுகளைக் குறைந்தது 10 வருடங்களும், அதன்பின் உருவானவற்றை 12 வருடங்களும் பேண வேண்டும். போர்க்காலக் கோப்புகளுக்கான அந்த 10 வருடம் 2027 பெப்ரவரியில் முடிகிறது.

முடிந்த மறுநாளே எரித்துவிடலாம் என்று இதற்குப் பொருளில்லை. 1973 ஆம் ஆண்டின் தேசிய சுவடிகள் சட்டமும் அரச ஆவணங்களைக் கட்டுப்படுத்துகிறது. அலுவலர் தன் விருப்பப்படி அழிக்க முடியாது. ஒரு தகவலைக் கேட்டு விண்ணப்பமோ மேன்முறையீடோ நிலுவையில் இருந்தால் அந்தப் பதிவில் கைவைக்கவே கூடாது. கேட்கப்பட்ட தகவலை வேண்டுமென்றே அழித்தால் 50,000 ரூபா வரை தண்டம், இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும்.

மற்றையது, 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். சேகரித்த நோக்கத்துக்குத் தேவையான காலம் வரைதான் விபரங்களை வைத்திருக்கலாம். அதுவரை பாதுகாப்பாகவும் வைத்திருக்க வேண்டும். தொண்டு நிறுவனங்களும் வங்கிகளும்கூட இதற்குள் வருகின்றன. பொதுநலன் கருதிய ஆவணக் காப்புக்கும் வரலாற்று ஆய்வுக்கும் விலக்கு உண்டு. மீறினால் ஒரு கோடி ரூபா வரை தண்டம் விதிக்கலாம். ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த முக்கிய பகுதிகள் தள்ளிப்போடப்பட்டு, அவ்வாண்டிலேயே சட்டம் திருத்தப்பட்டது. பல அலுவலகங்கள் இதைச் சாட்டாகச் சொல்லக்கூடும்.

எங்கள் சனத்துக்கு இந்த இரண்டு பக்கமும் உயிர்ப்பிரச்சினை. காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றிய தாயின் முறைப்பாடு அழிந்தால் சாட்சியம் போய்விடும். அதே தாள் பழைய பேப்பர்காரரிடம் போய், கடையில் கடலை சுற்றும் சுருளாக வந்தால் யார் கையிலும் சிக்கலாம். தாளைக் குறுக்கும் நெடுக்குமாகத் துண்டாக்குவதோ முழுதாக எரிப்பதோதான் அழிப்பு. கணினியில் 'டிலீட்' அழுத்துவது அழிப்பல்ல. வன்தட்டை முழுதாக மேலெழுத வேண்டும், அல்லது உடைக்க வேண்டும்.

உங்கள் குடும்பக் கோப்பு எங்காவது இருக்கிறதென்று நினைத்தால் 2027 வரை காத்திருக்க வேண்டாம். அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே விண்ணப்பம் எழுதி, பிரதி கேளுங்கள். பற்றுச்சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலைநாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் காரணம் எழுத்தில் வரவேண்டும்.