தாராவிப் பாட்டு யாருக்குச் சொந்தம்?

மும்பைத் தமிழர்களின் இசை என்றதும் நம் வாசகர்களில் பெரும்பாலோருக்குச் சண்முகானந்த சபாவும், செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியும், மாதுங்காவின் மார்கழி பஜனையும்தான் முதலில் நினைவுக்கு வரும். அதில் தவறில்லை. 1952-ல் தொடங்கிய சண்முகானந்த சபா, 1990-ல் தீ விபத்தில் அரங்கத்தை இழந்து, 1998-ல் மீண்டும் கட்டி எழுப்பிய கதை நம் எல்லோருக்கும் பெருமைதான். ஆனால் அந்தச் சபாவிலிருந்து சயான் பக்கம் ரயில் பாதையைத் தாண்டினால், நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், தாராவியின் சந்துகளில் வேறொரு இசை பத்துப் பதினைந்து ஆண்டுகளாக வளர்ந்து வந்திருக்கிறது. இதற்குச் சபா கிடையாது, உறுப்பினர் சந்தா கிடையாது. ஒரு செல்போனும், நாலு நண்பர்களும், சொல்வதற்கு ஒரு விஷயமும் இருந்தால் போதும். அதற்குப் பெயர் ராப்.

ராப் என்றால் தாளத்துக்கு இசைவாகச் சொற்களை அடுக்கி, பேச்சும் பாட்டுமாகச் சொல்லிக்கொண்டு போவது. வில்லுப்பாட்டிலும் லாவணியிலும் ஊறிய காதுகளுக்கு இது அப்படியொன்றும் அந்நியமாகப் படாது. 1973-ல் நியூயார்க் நகரத்தின் பிராங்ஸ் பகுதியில், கறுப்பின, கரீபிய இளைஞர்களின் வீட்டு விருந்துகளில் பிறந்த ஹிப்ஹாப் கலையின் ஒரு கிளை இது. தமிழில் இதை முதலில் ஊன்றி வளர்த்தவர்கள் மலேசியத் தமிழர்கள். யோகி பி, நட்சத்ரா குழுவினரின் 'வல்லவன்' தொகுப்பு 2006-ல் வந்தது. பிறகு கோவையிலிருந்து 'ஹிப்ஹாப் தமிழா' ஆதி, 2011-ல் இணையத்தில் ஏற்றிய ஒரு பாட்டின் மூலமே பெயர் பெற்றார். புலம்பெயர்ந்தவர்களிடம் முளைத்துப் பிறகு தாயகத்துக்குப் போன தமிழ்க் கலை இது என்பது நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி.

மும்பையில் இந்த அலையைப் பெரிதாக்கிய பாட்டு குர்லாவிலிருந்து வந்தது. 'நேஸி' என்ற இளைஞர் 2014 ஜனவரியில் வெளியிட்ட 'ஆஃபத்' என்ற இந்திப் பாட்டு, வீட்டிலிருந்த ஒரு ஐபேடை வைத்தே உருவானது. ஒலிப்பதிவும் அதில்தான், படப்பிடிப்பும் அதில்தான். ஸ்டூடியோ வாடகை, கேசட் கம்பெனி, விநியோகஸ்தர் என்று எதுவும் குறுக்கே வரவில்லை. நம் காலத்தில் ஒரு பக்திப்பாடல் ஒலிநாடா கொண்டுவர எத்தனை பேரின் கையையும் பையையும் நம்பவேண்டியிருந்தது என்று நினைத்துப் பார்த்தால் மாற்றத்தின் அளவு புரியும்.

தாராவியில் அதற்கு முன்பே விதை விழுந்துவிட்டது. 'ஸ்லம்டாக் மில்லியனர்' படம் வந்தபின், அந்தப் பெயருக்குப் பதில் சொல்வது போல 'ஸ்லம்காட்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டு ஆடக் கிளம்பிய பையன்கள் இருந்தார்கள். பிறகு 2015 வாக்கில், பள்ளி முடிந்து வரும் பிள்ளைகளுக்கு ராப், வாயால் தாளம் போடும் பீட்பாக்ஸ், நடனம் ஆகியவற்றை இலவசமாகச் சொல்லித்தரும் வகுப்புகளும் வந்தன. 'செவன் பன்ட்டாய்ஸ்', 'டோபடெலிக்ஸ்' என்று குழுக்கள் கிளம்பின. எம்.சி. அல்தாஃப் என்ற தாராவி இளைஞர் 2019-ல் வெளியிட்ட பாட்டின் பெயர் 'கோட் மும்பை 17'. பதினேழு என்பது வேறொன்றுமில்லை, தாராவியின் பின்கோடு 400017-ன் கடைசி இரண்டு இலக்கம். வேலைக்கு மனுப்போடும்போது தாராவி என்று எழுதாமல் சயான் என்றோ மாதுங்கா என்றோ விலாசம் எழுதிய தலைமுறை நம்முடையது. அந்த எண்ணையே பாட்டின் தலைப்பாக்கிய தலைமுறை அடுத்து வந்திருக்கிறது.

நமக்கு நெருக்கமானவர்கள் டோபடெலிக்ஸ் குழுவினர். இந்தி, மராத்தி, ஆங்கிலத்தோடு தமிழிலும் பாடுகிறவர்கள். பெயரைக் கேட்டதும் சில பெற்றோர் முகம் சுளிக்கலாம். அவர்களுடைய சில பாட்டுகள் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கேட்கும்படியும் இருக்காது, அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் சந்தில் நிற்கும் பையனைப் போலீஸ் சந்தேகத்தில் பிடிப்பதைப் பற்றி அவர்கள் மராத்தியில் பாடிய பாட்டு, தாராவியில் மகனை வளர்த்த எந்தத் தாய்க்கும் விளக்கம் இல்லாமலே புரியும்.

2018 ஜூன் 7-ம் தேதி வெளியான ரஜினிகாந்தின் 'காலா' படத்தை நம்மில் பார்க்காதவர்கள் குறைவு. நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கும் மற்ற வேலைகளுக்கும் வந்து தாராவியைக் கட்டிய தமிழர்களின் கதை. அந்தப் படத்துக்கு இசையமைத்த சந்தோஷ் நாராயணனும் இயக்குநர் பா. ரஞ்சித்தும், சென்னையிலிருந்து தாராவிக் குரலைப் போலி செய்யாமல், டோபடெலிக்ஸ் பையன்களையே அழைத்துப் பல பாடல்களில் எழுதவும் பாடவும் வைத்தார்கள். திரையிலும் அவர்கள் தோன்றினார்கள். மும்பைத் தமிழ் என்றால் அரைகுறைத் தமிழ் என்று ஊரில் உறவினர்கள் கேலி செய்வது நமக்குப் பழக்கம். இந்திச் சொல்லும் நெல்லைச் சொல்லும் ஒரே வரியில் உட்காரும் அந்தத் தமிழே தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் கைதட்டல் வாங்கியது. அடுத்த ஆண்டு, 2019-ல், இந்தியில் 'கல்லி பாய்' வந்து மும்பை ராப்பை நாடு முழுவதும் கொண்டுபோனது. ஆனால் தாராவித் தமிழனுக்கு 'காலா'தான் முந்திக்கொண்டது.

'கல்லி பாய்' படத்திலும் நம் வீட்டுச் சொத்து ஒன்று இருக்கிறது, பலர் கவனிக்கவில்லை. அதில் வரும் 'இந்தியா 91' என்ற பாட்டை அமைத்தவர் விவேக் ராஜகோபாலன். மும்பையைச் சேர்ந்த மிருதங்கக் கலைஞர். இந்த நகரத்து ராப் பையன்களுக்குக் கொன்னக்கோல் சொல்லிக்கொடுத்து, இரண்டையும் இணைத்துப் பார்த்தவர். யோசித்துப் பார்த்தால் பொருத்தம் இயல்பானதுதான். ராப்பின் நாலு நாலு அடியும் ஆதிதாளத்தின் எட்டு அட்சரமும் ஒன்றோடொன்று பொருந்தி உட்காரும். அதன்மேல் 'தகிட' என்று மூன்று மூன்றாகவோ, 'தகதகிட' என்று ஐந்து ஐந்தாகவோ சொற்கட்டைப் போட்டு, சமத்தில் வந்து விழச் செய்தால் கேட்பவன் நிமிர்ந்து உட்காருவான். ராப் பாடகனும் அதே வித்தையைத்தான் காதால் கற்றுச் செய்கிறான், கணக்குத்தான் அவனுக்குத் தெரியாது. செம்பூரிலும் மாதுங்காவிலும் மிருதங்கம் கற்கும் நம் பிள்ளைகளுக்கும் தாராவிப் பையன்களுக்கும் நடுவில் இருப்பது ஒரு ரயில் பாதை மட்டும்தான். அந்தக் கணக்கு அந்தப் பக்கம் போனால் பாட்டு இன்னும் நிமிரும். அங்கிருந்து இந்தப் பக்கம் வரவேண்டியதும் ஒன்று உண்டு. நம் பிள்ளைகள் கீர்த்தனையை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பொருள் தெரியாமல் பாடுகிறார்கள். தாராவிப் பையனும் ஆங்கில எழுத்தில்தான் எழுதுவான், ஆனால் அவன் பாடும் ஒவ்வொரு சொல்லும் அவன் பேசும் சொல்.

இனி பாட்டு எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். 'பீட்' எனப்படும் தாள இசையை ஒருவர் கம்ப்யூட்டரில் செய்கிறார், அல்லது இணையத்தில் விலைக்கு எடுக்கிறார்கள். அதன்மேல் பாடிப் பதிவு செய்கிறார்கள். பத்துக்குப் பத்து அறையில், பக்கத்துப் பட்டறை இயந்திரம் ஓய்ந்து, குழாயடிச் சத்தமும் அடங்கிய பிறகு, எதிரொலி வராமலிருக்க ஒரு போர்வையைத் தொங்கவிட்டால் அதுதான் ஒலிப்பதிவுக்கூடம். பிறகு வீடியோ, பிறகு யூட்யூபில் ஏற்றம். விளம்பர வருமானத்தில் பங்கு கிடைக்க, சேனலுக்கு 1000 சந்தாதாரர்களும், 12 மாதங்களில் 4000 மணி நேரப் பார்வையும் (அல்லது குறும்வீடியோக்களுக்கு 90 நாட்களில் ஒரு கோடிப் பார்வையும்) வேண்டும் என்பது பொது விதி. ஸ்பாட்டிஃபை போன்ற இடங்களில் வர, நடுவில் ஒரு விநியோக நிறுவனம் வேண்டும். ஆக, பாட்டை வெளியிடுவது எளிதாகிவிட்டது. அது யாருடையது என்று சொல்லிக்கொள்வதுதான் கடினமாகிவிட்டது.

இதற்குப் பெரிய உதாரணம் 'எஞ்சாயி எஞ்சாமி'. 2021 மார்ச்சில் வெளியான தனிப்பாட்டு. இசை சந்தோஷ் நாராயணன். பாட்டெழுதித் தீயுடன் சேர்ந்து பாடியவர் அறிவு, 'காலா'விலும் பாட்டெழுதியவர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையை அந்தப் பாட்டுக்குள் வைத்தார். கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். அதே ஆண்டு ஒரு ஆங்கில இசைப் பத்திரிகை அட்டையில் அறிவின் படம் விடுபட்டபோது ரஞ்சித் பகிரங்கமாகக் கேள்வி எழுப்பினார். 2022 ஜூலை 28-ல் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு மேடையேறியது, அறிவு மேடையில் இல்லை. அது யாருடைய படைப்பு என்பது பற்றிப் படைத்தவர்களே மாறிமாறி அறிக்கை விட நேர்ந்தது. 2024 மார்ச்சில், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் பொதுவில் சொன்னார். இதில் சரி தவறு சொல்ல நாம் யார்? ஆனால் ஊரறிந்த இசையமைப்பாளர் கதையே இப்படி என்றால், தொண்ணூறு அடி ரோட்டுப் பையன் கதை என்ன ஆகும்?

சட்டம் அவன் பக்கம்தான் நிற்கிறது, பலருக்குத் தெரிவதில்லை என்பதே குறை. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு பாட்டில் மூன்று தனித்தனி உரிமைகள் உண்டு: வரிகள், இசை, ஒலிப்பதிவு. இவை ஒருவருடையதாக இருக்கலாம், மூவருடையதாகவும் இருக்கலாம். வரிகளுக்கும் இசைக்கும் உரிமை படைத்தவரின் ஆயுள் முழுதும், பிறகு 60 ஆண்டுகளும். உரிமை உண்டாகப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்பதுமில்லை. 2012 திருத்தத்தின்படி, பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் பாட்டை விற்றாலும், ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை (திரையரங்கில் படம் ஓடுவது தவிர) எழுதிக்கொடுக்கவே முடியாது. எத்தனை ஆண்டுக்கு என்று ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் 5 ஆண்டு என்றுதான் பொருள். எந்த நாட்டுக்கு என்று இல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். பொதுவில் ஒலிபரப்பாகும் பாட்டுக்குப் பணம் வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் 1969-லிருந்து நம் மும்பையிலேயே இருக்கிறது. பாட்டெழுதுபவரும் இசையமைப்பவரும் அதில் உறுப்பினராகலாம்.

வீட்டில் பாடும் பிள்ளை இருந்தால் பெற்றோர் கவனிக்க வேண்டியது இது. 18 வயது நிரம்பாதவரின் ஒப்பந்தம் செல்லாது. ஆகவே கம்பெனிக்காரர்கள் கையெழுத்துக்கு அப்பா அம்மாவைத் தேடித்தான் வருவார்கள். வீட்டுக்கு வந்தவர் இனிக்க இனிக்கப் பேசுகிறார் என்பதற்காக அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டாம். பத்திரத்தை வாங்கி வைத்து, தெரிந்த வக்கீலிடம் காட்டுங்கள். விலைக்கு எடுத்த 'பீட்' என்றால் அது முழு விற்பனையா, வாடகையா என்று பாருங்கள். பெரும்பாலும் வாடகைதான், இத்தனை முறை ஒலிக்கலாம் என்ற எல்லையும் இருக்கும். நாலு நண்பர்கள் சேர்ந்து பாடினால் யார் எழுதியது, யார் இசை, யாருக்கு நூற்றுக்கு எத்தனை என்று ஒரு தாளில் எழுதி நாலு பேரும் கையெழுத்திடட்டும். சேனல் ஒருவன் பெயரில் இருந்து நட்பு முறிந்தால், பாட்டும் அவனோடு போய்விடும். அந்தத் தாளையும், தேதியோடு கூடிய முதல் ஒலிப்பதிவுக் கோப்பை ஏற்றிய பென் டிரைவ் ஒன்றையும், ரேஷன் கார்டு இருக்கும் அதே பெட்டியில் போட்டுவைத்து விடுங்கள்.