கொல்லைக் களைகளும் காடியும்

வெள்ளாற்றின் குறுக்கே அணைக்கட்டு அமைந்துள்ள சேத்தியாத்தோப்பிலும் அதனை அடுத்த கிராமங்களிலும் வீட்டுக் கொல்லைகள் பல களிப்பாங்கான மண்ணுடையவை. ஈரமிருக்கையில் அம்மண் களைக்கொட்டில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்துவிட்டாலோ கொட்டு இறங்காது. இரண்டு மழை விழுந்ததும் கத்தரிப் பாத்தியிலும் நடைபாதையிலும் சாரணை படர்ந்துவிடுகிறது. ஆகையால், கடைகளில் வினிகர் என்னும் பெயரால் விற்கப்படும் காடியைத் தெளித்தால் களை ஒழியும் என்று கேள்விப்பட்டுப் பலர் அதனை வாங்கத் தலைப்படுவதில் வியப்பில்லை. இம்முறையில் மெய்யும் உண்டு. கைப்பொருளை வீணாக்க இடமும் உண்டு.

காடியின் புளிப்புக்குக் காரணம் அதிலுள்ள அசிட்டிக் திராவகமாகும். இத்திராவகம் இலையின்மேல் பட்டவுடன் அதன் நுண்ணறைகளின் மெல்லிய தோலைச் சிதைக்கிறது. உள்ளிருக்கும் நீர் வெளியேறி இலை வாடிக் கருகுகிறது. நல்ல வெயிலில் சில மணி நேரத்திலேயே இதனைக் காணலாம். ஆனால் திராவகம் தண்டின் வழியாக வேருக்கு இறங்குவதில்லை. பட்ட இடத்தை மட்டுமே அது சுடும். காடிப் பிரயோகத்தின் நன்மை தீமை யாவும் இவ்வொரு குணத்தையே பொறுத்தவை.

2002-ஆம் ஆண்டில் அமெரிக்க விவசாய இலாகாவினர் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தில் நடத்திய சோதனைகளில், நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு திராவகமுள்ள காடி, முளைத்து இரண்டு வாரத்திற்கு உட்பட்ட களைகளை அழித்தது. அதற்கு மேல் முதிர்ந்தவற்றுக்கு இன்னும் கடுமையான காடி வேண்டியிருந்தது. நம் கடைகளில் கிடைக்கும் காடியோ பெரும்பாலும் நூற்றுக்கு 4 பங்கு அளவினதே. இதில் சம அளவு நீரைக் கலந்தால் 2 பங்காய்க் குறைந்து பயனற்றுப் போகும். ஆதலின் நீர் சேர்க்கலாகாது. புளித்த கஞ்சியும் மோரும் இவ்வேலைக்கு உதவா; அவற்றின் புளிப்பு வேறு வகையைச் சார்ந்தது, வலிமையும் குறைவு.

சாரணை முளைத்த ஒரு மாதத்திற்குள்ளேயே விதை கட்டத் தொடங்கிவிடும். எனவே இரண்டு மூன்று இலை விட்ட பருவத்திலேயே, மழைக்குறி இல்லாத நாளில், காற்று அடங்கிய காலை வேளையில், பனி உலர்ந்தபின் கைத்தெளிப்பானால் இலை முழுதும் நனையுமாறு தெளிக்க வேண்டும். சில துளி சோப்புக் கரைசல் சேர்த்தால் காடி இலையில் பரவி நிற்கும். கத்தரி, வெண்டைச் செடிகளின் இலையும் காடியால் கருகுமாதலால், பயிர் நெருங்கி நிற்கும் பாத்திக்குள் தெளிப்பது தகாது. நடைபாதை, சுவரோரம், கல் இடுக்கு ஆகியவையே இதற்கேற்ற இடங்கள். தெளித்தபின் தெளிப்பானைக் கழுவாது வைத்தால் அதன் இரும்பு, பித்தளைப் பாகங்களைத் திராவகம் அரித்துவிடும்.

கோரையின் கதை வேறு. 1977-ஆம் ஆண்டு வெளியான உலகக் கொடுங்களைகளைப் பற்றிய நூலொன்றில் இதற்கே முதலிடம் அளிக்கப்பட்டது. மண்ணுக்குள் சங்கிலிபோல் தொடர்ந்திருக்கும் கிழங்குகளே அதன் உயிர்நிலை. மேலிலை கருகியதைக் கண்டு மகிழ்ந்தவர் சில நாட்களில் புதுக்குருத்தைக் காண்பர். புட்டி புட்டியாய்க் காடி வாங்குவதைவிட, கோடையில் ஆழக் கொத்திக் கிழங்குகளை வெயிலில் உலர்த்திப் பொறுக்குவதே சிக்கனம். அறுகும் இவ்வாறே அடித்தண்டிலிருந்து மீண்டும் துளிர்க்கும்.

காடியுடன் உப்பும் சேர்க்கும்படி சிலர் யோசனை கூறுகின்றனர். காடித் திராவகத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சில நாட்களில் சிதைத்துவிடும், உப்போ சிதையாது. வடிகால் குறைந்த களிமண்ணில் அது தங்கிப் பின்வரும் பயிரையும் கெடுக்கும்.

வீட்டுக் காடி போதவில்லையென்று கருதி, தொழிற்சாலைகளுக்கென விற்கப்படும் கடுந்திராவகத்தை வாங்கி வந்து நீர் கலந்து கொள்ளவும் கூடாது. அது தோலைப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும். வீட்டுக் காடியேயாயினும் கண்ணில் தெறித்துவிட்டால் உடனே தூய நீரால் நெடுநேரம் கழுவி மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.