கசப்பு குறையக் கூடாது... பழமும் வேணும்! குளிர்கால நெக்ரோனி செய்வது எப்படி?

முதல்முறை நெக்ரோனி குடிப்பவர்கள் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ரூபி கல் மாதிரி சிவப்பா, ஆரஞ்சுத் துண்டு மிதக்க ஒரு கிளாஸ் வந்து நிற்கும். ‘ரோஸ் மில்க்குக்குச் சொந்தக்காரன் போல’ என்று நம்பி ஒரு வாய் குடிப்பார்கள். அடுத்த நொடி முகம் சுருங்கிவிடும். நானும் அப்படித்தான். “என்னங்க இது, பாட்டி வெச்ச கஷாயம் மாதிரி இருக்கு!” என்று நண்பரிடம் கேட்டேன். “பாதி கிளாஸ் வரைக்கும் பொறு” என்றார். அவர் சொன்னது சரிதான். பாதி கிளாஸுக்குப் பிறகு அந்தக் கசப்பைத்தான் நாக்கு தேடியது.

ஜின், கம்பாரி, ஸ்வீட் வெர்மூத் - மூன்றும் சம அளவு. நெக்ரோனி அவ்வளவுதான். சர்வதேச பார்டெண்டர்கள் சங்கத்தின் பட்டியலிலும் தலா 30 மில்லி என்றுதான் இருக்கிறது. பிறந்த ஊர் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ். 1919 வாக்கில், காமில்லோ நெக்ரோனி என்ற பிரபு கஃபே கசோனிக்குப் போய், தான் வழக்கமாகக் குடிக்கும் ‘அமெரிக்கானோ’வை இன்னும் கொஞ்சம் ஸ்ட்ராங்காகக் கேட்டார் என்றும், ஃபோஸ்கோ ஸ்கார்செல்லி என்ற பார்டெண்டர் அதிலிருந்த சோடாவை எடுத்துவிட்டு ஜின்னை ஊற்றினார் என்றும் சொல்கிறார்கள். பழைய பானத்தோடு குழம்பிவிடக் கூடாதே என்று எலுமிச்சைக்குப் பதில் ஆரஞ்சுத் துண்டு போட்டாராம். கதை எந்த அளவுக்கு நிஜமோ, அந்த ஆரஞ்சுத் துண்டு மட்டும் நூறு வருஷம் தாண்டியும் கிளாஸில் இருக்கிறது.

இன்றைக்கு நாம் செய்யப்போகும் குளிர்கால வெர்ஷனுக்கும் அந்த ஆரஞ்சுதான் ஆரம்பப் புள்ளி. சாதாரண ஆரஞ்சு இல்லை, சிசிலியின் ரத்தச் சிவப்பு ஆரஞ்சு. ப்ளட் ஆரஞ்சு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள்.

குளிர் அடித்தால்தான் சிவக்கும்!

‘குளிர்கால ஸ்பெஷல்’ என்று மெனு கார்டில் போடுவதெல்லாம் பெரும்பாலும் பட்டை, கிராம்பைத் தூவிவிட்டு விலையை ஏற்றும் வேலைதான். ஆனா, இந்தப் பழத்துக்கு அந்தப் பட்டம் நிஜமாகவே பொருந்தும். கிழக்கு சிசிலியில் எட்னா எரிமலையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் குளிர்காலத்தில் பகலில் நல்ல வெயில், ராத்திரியில் கடும் குளிர். இந்த ஏற்ற இறக்கம்தான் பழத்துக்குள் ஆந்தோசயனின் என்ற நிறமியை உருவாக்குகிறது. நாவல் பழத்துக்கும் சிவப்பு முட்டைகோஸுக்கும் நிறம் தருகிற அதே குடும்பத்து நிறமி. இந்த ரகங்களில் நிறமியை முடுக்கிவிடும் மரபணு, குளிர் பட்டால்தான் விழிக்கும். அதனால், அதே மரத்தை ராத்திரியும் சூடாக இருக்கிற ஊரில் கொண்டுபோய் வைத்தால் பழம் காய்க்கும், சிவப்பு மட்டும் சரியாக ஏறாது.

மோரோ, தரோக்கோ, சங்குவினெல்லோ என மூன்று முக்கிய ரகங்கள். மோரோ உள்ளே கிட்டத்தட்ட கறுஞ்சிவப்பு, சுவையில் ராஸ்பெர்ரி வாடையும் லேசான கசப்பும் இருக்கும். தரோக்கோ நல்ல இனிப்பு, நிறம் கொஞ்சம் கம்மி. டிசம்பரில் ஆரம்பித்து ஏப்ரல் வரை சீஸன். லண்டன், பாரிஸ், டொரன்டோ பக்கம் இருக்கும் வாசகர்களுக்கு சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும். நெக்ரோனிக்கு என் ஓட்டு மோரோவுக்குத்தான். காரணம், இனிப்பு.

பழம் சேர்த்த நெக்ரோனிகள் பெரும்பாலும் கெட்டுப்போவது இந்த இனிப்பால்தான். “கசப்பா இருக்கே” என்று ஜூஸை ஊற்றுவார்கள், சுகர் சிரப்பை ஊற்றுவார்கள். கடைசியில் கையில் இருப்பது போதை ஏற்றும் ஆரஞ்சு ஸ்குவாஷ். நம் சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடியை நினைத்துப் பாருங்கள். வெல்லமும் மாங்காயும் இருந்தாலும், கடைசியில் தாளித்துப் போடும் வேப்பம்பூ இல்லையென்றால் அது வெறும் இனிப்புப் பச்சடி. நெக்ரோனியில் அந்த வேப்பம்பூ வேலையைச் செய்வது கம்பாரி.

கம்பாரியில் கை வைக்காதீர்கள்

1860-ல் காஸ்பரே கம்பாரி வட இத்தாலியின் நோவாராவில் உருவாக்கிய கசப்பு மது இது. ஃபார்முலா இன்றுவரை ரகசியம். இத்தாலியில் இந்த மாதிரி கசப்பு பானங்களை சாப்பாட்டுக்கு முன்னால் குடிப்பார்கள். அந்த வழக்கத்துக்கு ‘அபெரிடிவோ’ என்று பெயர். திறப்பது என்று பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதாவது, பசியைத் திறந்துவிடுகிற பானம்.

சைவ நண்பர்களுக்கு ஒரு தகவல். கம்பாரியின் சிவப்பு ஒரு காலத்தில் காக்கினியல் என்ற பூச்சியிலிருந்து எடுத்த நிறம். 2006 வாக்கில் பல நாடுகளில் செயற்கை நிறத்துக்கு மாறிவிட்டார்கள். ஆனாலும் லேபிளைப் பார்த்துவிடுங்கள். கார்மைன் அல்லது ஈ120 என்று இருந்தால் அது பூச்சி நிறம்.

ஜூஸ் சேர்க்கும்போது எதைக் குறைப்பது? பலரும் கம்பாரியைத்தான் குறைப்பார்கள். நான் வெர்மூத்தைக் குறைக்கச் சொல்வேன். வெர்மூத் என்பது மூலிகை ஊறிய, கொஞ்சம் ஸ்பிரிட் சேர்த்த இனிப்பு ஒயின். பழம் தரும் இனிப்பு அந்த இடத்தை நிரப்பிவிடும். கசப்பு அப்படியே நிற்கும்.

ஒரு கிளாஸுக்கான அளவு இது:

ஜின் - 30 மில்லி (ஜூனிபர் வாசனை தூக்கலான லண்டன் டிரை வகை)
கம்பாரி - 30 மில்லி
ஸ்வீட் வெர்மூத் - 20 மில்லி
அப்போதே பிழிந்த ப்ளட் ஆரஞ்சு சாறு - 30 மில்லி
உப்பு - விரல் நுனியில் ஒட்டும் அளவு
ப்ளட் ஆரஞ்சு தோல் - ஒரு நீளத் துண்டு

உப்பா என்று யோசிக்க வேண்டாம். உப்பிலிருக்கும் சோடியம் கசப்பு உணர்வை நாக்கில் கொஞ்சம் அடக்கி, பின்னால் இருக்கிற பழச்சுவையை முன்னே கொண்டுவரும். கொய்யாவிலும் மாங்காயிலும் உப்பு தொட்டுத் தின்று வளர்ந்த நமக்கு இதைப் புதுசா யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனா, கிள்ளு உப்பு அரை ஸ்பூன் ஆனால் மொத்தத்தையும் சிங்கில் கொட்ட வேண்டியதுதான்.

பழத்தை வெந்நீரில் தேய்த்துக் கழுவுங்கள். கடைப் பழங்களின் தோலில் மெழுகு பூசியிருப்பார்கள். பிழிவதற்கு முன்பே தோலைச் சீவி வைத்துக்கொள்வது நல்லது. பிழிந்த பழத்தில் தோல் சீவுவது பெரும்பாடு. உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி அதிகம் வராமல் மெலிதாக எடுங்கள். சாற்றை டீ வடிகட்டியில் வடித்துக்கொள்ளுங்கள்.

ஒரிஜினல் நெக்ரோனியை ஐஸில் கலக்குவார்கள், குலுக்க மாட்டார்கள். மதுவை மட்டும் கலக்கும்போது பானம் கண்ணாடி போலத் தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காக. நம்முடையதில் சாறு இருப்பதால் எப்படியும் தெளிவாக இருக்காது. அதனால் தாராளமாகக் குலுக்கலாம். ஷேக்கரில் தோலைத் தவிர எல்லாவற்றையும் ஊற்றி, முக்கால்வாசி ஐஸ் போட்டு 10-12 நொடிகள். ஷேக்கர் இல்லையா? இறுக்கமான மூடியுள்ள ஊறுகாய் பாட்டில் போதும் (மிளகாய் வாசனை போயிருந்தால்!). வெளிப்பக்கம் கை ஒட்டுகிற அளவுக்குச் சில்லென்று ஆனதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் குலுக்கினால் தண்ணீர்தான் ஏறும். குட்டையான கிளாஸில் ஒரே ஒரு பெரிய ஐஸ் கட்டி போட்டு, அதன்மேல் வடிகட்டுங்கள். பெரிய கட்டி மெதுவாகக் கரையும்.

கடைசியில், தோலைக் கிளாஸுக்கு நேர் மேலே பிடித்து முறுக்குங்கள். கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் தூறல் பானத்தின் மேல் விழும். குடிக்கிறவர் முதலில் உணர்வது இந்த வாசனையைத்தான்.

பட்டை வாசனை இல்லாமல் என்ன குளிர்காலம் என்பவர்கள், சிரப் பக்கம் போகாமல் வெர்மூத்தில் வேலை செய்யுங்கள். 200 மில்லி வெர்மூத்தில் விரல் நீளப் பட்டை ஒன்றைப் போட்டு, ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் எடுத்துவிடுங்கள். சர்க்கரை கூடாமல் வாசனை மட்டும் வந்துவிடும்.

ஃப்ரிட்ஜ் என்றதும் ஞாபகம் வருகிறது. வெர்மூத் அடிப்படையில் ஒயின். திறந்தால் கெடும். நண்பர் வீட்டில் எட்டு மாதம் ஷோகேஸில் வெளியே நின்ற பாட்டிலிலிருந்து ஊற்றி, ஜின்னைக் குறை சொல்லி, கம்பாரியைக் குறை சொல்லி, கடைசியில் வெர்மூத்தை மட்டும் தனியாகச் சுவைத்துப் பார்த்தபோதுதான் வினிகர் வாடை பிடிபட்டது. திறந்த பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்து ஒன்றிரண்டு மாதத்தில் முடித்துவிடுங்கள். சின்ன பாட்டிலாக வாங்குவது இன்னும் புத்திசாலித்தனம்.

பழம்தானே என்று ஏமாறாதீர்கள்

இந்தப் பானத்தில் எனக்கு இருக்கும் ஒரே பயம் இதுதான். ஒரிஜினல் நெக்ரோனியின் கசப்பு ஒரு வேகத்தடை. யாரும் மடமடவென்று குடிக்க முடியாது. பழச்சாறு சேர்த்தால் அந்தத் தடை பாதி இறங்கிவிடும். ஆனால் உள்ளே இருக்கும் ஆல்கஹால்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். 40% ஜின், 25% கம்பாரி, 16% வெர்மூத் என்று வைத்துக்கொண்டால், மேலே சொன்ன ஒரு கிளாஸில் சுமார் 18 கிராம் சுத்தமான ஆல்கஹால். 5% ஸ்ட்ராங் உள்ள 330 மில்லி பீரில் இருப்பது 13 கிராம்தான். ‘ஜூஸ் மாதிரிதான் இருக்கு’ என்று இரண்டாவது கிளாஸை நீட்டினால், அது கிட்டத்தட்ட மூணு பீர். வண்டிச் சாவியை முதல் கிளாஸுக்கு முன்பே ஒதுக்கி வைத்துவிடுங்கள். உடல்நலத்துக்குப் பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் கிடையாது என்பதை உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. இதுவரை குடிக்காதவர்கள் இந்த ரெசிப்பிக்காக ஆரம்பிக்க வேண்டிய அவசியமே இல்லை.

ப்ளட் ஆரஞ்சு கிடைக்காதபோது கிரேப்ஃப்ரூட் சேர்க்கச் சொல்லும் ரெசிப்பிகளும் நிறைய உண்டு. சுவை நன்றாகத்தான் இருக்கும். ஆனால், கிரேப்ஃப்ரூட்டில் இருக்கும் சில பொருள்கள், மருந்துகளை உடைக்கும் ஒரு என்சைமைக் குடலில் முடக்கிவிடும். கொலஸ்ட்ராலுக்கு சிம்வாஸ்டாடின், ரத்த அழுத்தத்துக்கு ஃபெலோடிபின் மாதிரி மாத்திரை எடுப்பவர்களுக்கு மருந்தின் அளவு ரத்தத்தில் தாறுமாறாக ஏறலாம். நம் ஊர் பம்ப்ளிமாஸும் அதே வகையறாதான். விருந்தில் அப்பா, மாமா வயதுக்காரர்கள் இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். ப்ளட் ஆரஞ்சில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனாலும், தினசரி மாத்திரை எடுப்பவர்கள் மது விஷயத்தை டாக்டரிடம் கேட்டுக்கொள்வதே சரி.

சாதாரண ஆரஞ்சுச் சாற்றில் ஒரு ஸ்பூன் மாதுளைச் சாறு சேர்த்தால் நிறம் ஓரளவுக்கு வரும். மோரோவின் அந்த ராஸ்பெர்ரி வாடை வராது. இனிப்பும் அதிகம் என்பதால் வெர்மூத்தை 15 மில்லியாக இறக்கிவிடுங்கள்.

குடிக்காதவர்களை ஓரமாக உட்காரவைத்து கோலா கொடுப்பது இத்தாலியில் வழக்கமில்லை. சான்பிட்டர் என்று குட்டி பாட்டிலில் வரும், ஆல்கஹால் இல்லாத சிவப்புக் கசப்பு சோடா அங்கே ரொம்ப பிரபலம். அதில் ஒரு பாட்டிலை ஐஸ் மேல் ஊற்றி, 50 மில்லி ப்ளட் ஆரஞ்சு சாறு, அதே கிள்ளு உப்பு, அதே முறுக்கிய தோல். இதைக் குலுக்கிவிடாதீர்கள், சோடா பொங்கி சட்டையெல்லாம் சிவப்பாகிவிடும்.